ஏரியைச் சுற்றும் சரளைப் பாதைகள்: சில வருட சைக்கிள் அனுபவம்

சில வருடங்களாக என் சைக்கிள் பெரும்பாலும் ஓடுவது நகரத்து ஏரியைச் சுற்றியுள்ள, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத சரளைப் பாதைகளில்தான். கரையை ஒட்டிய சுற்றுப் பாதை, அதிலிருந்து வாய்க்கால் ஓரமாகவும் மரங்களுக்கு நடுவிலும் பிரிந்து போகும் கிளைப் பாதைகள் என எல்லாவற்றிலும் வெயில், மழை, காற்று பார்த்தாயிற்று. வாங்கிய புதிதில் எழுதும் அனுபவத்தில் தேய்மானம் தெரியாது. எது நிலைத்தது, எது தேய்ந்தது என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் மனசுக்குக் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலையில் ஓட்டும்போது காது எப்போதும் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். வருவது லாரியா, காரா, எவ்வளவு ஒட்டி வருகிறது என்ற கணக்கு ஓயாது. அந்தக் கணக்கு நின்ற பிறகுதான் அது எவ்வளவு அசதியைத் தந்துகொண்டிருந்தது என்று புரியும். அதே தூரம் ஓட்டினாலும் கால் மட்டும்தான் களைக்கிறது, தலை தெளிவாக இருக்கிறது. பெரியவர்களான பிறகு சைக்கிள் பழக நினைப்பவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஏறுபவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் சரளைப் பாதை எல்லாமே ஒன்றல்ல. கல்லின் வடிவம்தான் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கிறது. உடைத்த ஜல்லிக்கு முனைகள் உண்டு. மேலே அழுத்தம் விழ விழ அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், இடையில் கல்தூள் இறங்கி இறுகும். கூழாங்கல் அப்படி இறுகாது. அதில் ஓட்டுவது கோலிக்குண்டுகள் மேல் நடப்பது போலத்தான். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் லூடன் மெக்கடம் இதைத்தான் பிடிவாதமாகச் சொன்னார்: சிறிதாக உடைத்த, முனையுள்ள கல்லைப் போடுங்கள், அடிமண் நனையாமல் தண்ணீரை வடிய விடுங்கள். இன்றைய நல்ல ஏரிப் பாதை ஒவ்வொன்றும் அந்த இரண்டு விதிகளின்படிதான் நிற்கிறது. பாதையின் நடு சற்றே உயர்ந்தோ, முழுப் பாதையும் ஒரு பக்கம் லேசாகச் சரிந்தோ இருந்தால் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஓட்டலாம். சமதளமாகப் போட்ட பாதையில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கல்தூள் கரைந்து போகும், அடுத்த மழையில் அங்கே குழி விழும். வருடக்கணக்கில் ஒரே பாதையில் போகும்போது இந்தக் குழிகள் எங்கே பிறந்து எப்படி வளர்கின்றன என்பது மனப்பாடமாகிவிடுகிறது.

வண்டிகள் வராததால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. கார்கள் ஓடும் மண் சாலைகளில் குறுக்குவாட்டில் அலை அலையாக மேடுபள்ளம் எழும்பியிருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரங்கள் தளர்ந்த மண்ணில் தாமாகவே உண்டாக்கும் அலைகள் அவை. கையும் இடுப்பும் கழன்றுவிடும். நடப்பவர்களும் சைக்கிள்களும் மட்டும் போகும் பாதையில் அந்த அளவு எடையும் வேகமும் இல்லை. அதனால்தான் ஏரிப் பாதை இத்தனை காலம் ஓரளவு சமமாகவே இருக்கிறது.

இனி டயர். இந்தப் பாதைகளுக்காக ஒரே ஒரு விஷயத்தில் செலவு செய்வீர்கள் என்றால் அது டயரில் இருக்கட்டும். சரளைப் பாதைக்கென்றே கிராவல் சைக்கிள் என்று தனி இனம் பெயர் பெற்றதில் அமெரிக்காவின் கான்சஸில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயத்துக்கு, அதாவது இப்போதைய அன்பவுண்ட் கிராவலுக்கு, பெரிய பங்கு உண்டு. 2022இலிருந்து சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ இதற்கென உலக சாம்பியன்ஷிப்பும் நடத்துகிறது. அந்தப் பந்தயங்களுக்கான சைக்கிள் நல்ல சைக்கிள்தான், ஆனால் ஏரியைச் சுற்ற அது கட்டாயமில்லை. ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடமிருந்தால் ஹைபிரிட்டில், அதாவது சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான சைக்கிளில், 38 அல்லது 40 மி.மீ. அகல டயர் போட்டாலே போதும். பழைய மவுன்டன் பைக்கும் அருமையாக ஓடும். 25 மி.மீ. டயர் உள்ள ரோடு பைக்கை இறுகிய பகுதிகளில் சமாளிக்கலாம், புதிதாக ஜல்லி கொட்டிய இடத்தில் முன்சக்கரம் புதைந்து திரும்பிவிடும்.

டயரை விட முக்கியம் அதில் இருக்கும் காற்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம், அந்த அளவுக்கு அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயரில், 70 கிலோ எடையுள்ளவர் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை வைத்துத் தொடங்கலாம். முன்சக்கரத்தில் பின்சக்கரத்தை விட ஓரிரு பிஎஸ்ஐ குறைவாக இருக்கட்டும். காற்று கல்லாக அடித்திருந்தால் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் துள்ளும், முன்னே போக வேண்டிய விசை மேலே போய் வீணாகும். சற்று இளக்கினால் டயரே கல்லை உள்வாங்கிக்கொள்ளும், வளைவில் பிடிமானமும் கூடும். ரொம்பவும் இளக்கினால் ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே ட்யூப் இருந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது மாதிரி இரட்டைத் துளை விழும். எனக்கு நிம்மதி தந்தது ட்யூப்லெஸ்தான். சிறு முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலண்ட் என்ற திரவம் துளையை அடைத்துவிடுகிறது. ஆனால் சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். நாள்காட்டியில் குறித்து வைத்து ஊற்றுபவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

தேய்மானம் என்று பார்த்தால் டயரை விட செயின்தான் அதிகம் அடி வாங்குகிறது. கல்தூளும் எண்ணெயும் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். செயின் நீண்டுபோனால் பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டின் பற்களையும் சேர்த்துத் தின்னும், அப்போது செலவு பல மடங்காகும். பரிசோதிக்க அளவுகோல் ஒன்று போதும். புது செயினில் 12 முழுக் கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். ஒரு பின்னின் நடுவை சைபரில் வைத்துப் பார்க்கும்போது 12 அங்குலக் குறியருகே உள்ள பின் அதைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எண்ணெய்க்குப் பதில் மெழுகு வகை லூப்ரிகன்ட் போடத் தொடங்கிய பிறகு தூசி ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. மழைக்குப் பின் படியும் கல்தூள் சேறு காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகும், ஈரமாக இருக்கும்போதே வாளித் தண்ணீரில் கழுவுவது நல்லது. அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை பேரிங் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஓட்டும் முறையும் மாறும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கை இறுக்கினால் சரளையில் சக்கரம் வழுக்கும். நிழல் விழும் இடங்களில் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வேர்கள் மறைந்திருக்கும். காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை: தண்ணீர்ப் பரப்பில் தடுப்பதற்கு எதுவும் இல்லாததால் காற்று வேகமாகவே வந்து கரையில் மோதும். சுற்றுப் பாதை என்பதால் எந்தத் திசையில் போனாலும் ஏதோ ஒரு பக்கம் எதிர்க்காற்று உண்டு. அதைத் தொடக்கத்திலேயே, கால் புதிதாக இருக்கும்போதே சந்திக்கும்படி திசையைத் தேர்ந்தெடுப்பேன்.

அந்தி நேரத்தில் தண்ணீரோரம் கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காத பூச்சிகள் கூட்டமாக மேலெழும். நிறமில்லாத கண்ணாடி இல்லாமல் அந்த நேரத்தில் ஓட்ட முடியாது.

வண்டிகள் இல்லை என்பதற்காகப் பாதை நம்முடையது ஆகிவிடாது. வயதானவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையைக் கூட்டி வருபவர்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் எல்லாருக்கும் அது பொது. சரளையில் டயர் எழுப்பும் சத்தம் நமக்குப் பெரிதாகக் கேட்கும், முன்னே நடப்பவருக்குக் கடைசி நேரத்தில்தான் கேட்கும். தூரத்திலேயே ஒருமுறை மணி அடித்து, நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, இடம்விட்டுக் கடப்பதுதான் முறை. நாயோடு வருபவரைக் கடக்கும்போது கயிறு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். ஓட்டிய நேரத்தைப் பதிந்து ஒப்பிடும் ஸ்ட்ராவா செயலியில் நேரம் குறைக்க இந்தப் பாதையைப் பயன்படுத்துபவர்கள் மீது எனக்கு மெய்யாகவே கோபம் உண்டு. ஒரே ஒரு மோதல் நடந்தால் சைக்கிளுக்கே தடை வரும், இழப்பு எல்லாருக்கும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் நாணல் ஓரக் கிளைப் பாதைகளை விட்டுவிடுகிறேன். தரையில் முட்டையிடும் பறவைகள் ஒவ்வொரு முறை பயந்து எழும்பும்போதும் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கிறது.

குறைகளும் உண்டு. கோடையில் தூசி பறக்கும், மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களில் அதிகாலையைத் தேர்ந்தெடுக்கலாம். மோட்டார் பைக்குகள் நுழையாமலிருக்க வைத்த தடுப்புக் கம்பிகளில் அகலமான ஹேண்டில்பார் சிக்குகிறது, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கோ அங்கே வழியே இல்லை. இது திருத்தப்பட வேண்டியது. பராமரிப்பு என்ற பெயரில் புது ஜல்லியைக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்காமல் விட்டுவிட்டால் பல வாரங்களுக்கு அந்தப் பகுதி நடக்கவும் ஓட்டவும் உதவாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் தங்கள் ஏரியைப் பாருங்கள். பாதையின் மேற்பரப்பு இறுகியதா, நுண்சரளையா, பெரிய ஜல்லியா என்று பல இடங்களில் குறித்திருப்பார்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு நீங்களே சேர்க்கலாம். இறுகியது என்று இருக்கும் துண்டிலிருந்து ஆரம்பியுங்கள், பெரிய ஜல்லியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.