மடிப்பு சைக்கிளின் விரிசலைக் கண்டுபிடித்துத் தந்த பட்டறை

சிங்கப்பூரில், நான்கு ஆண்டுகளாக பிடோக்கிலிருந்து பாய லேபாரில் உள்ள அலுவலகத்துக்கு மடிப்பு சைக்கிளில் சென்று வருகிறேன். சென்ற மாதம், அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் நடுக்குழாயின் கீல் பக்கமிருந்து 'டிக்' என்றொரு சத்தம் வரத் தொடங்கியது. முதலில் போன கடையில் கீலுக்கு எண்ணெய் விட்டு, பிடியை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சத்தம் திரும்பியது. அதன் பிறகே, நண்பர் ஒருவர் சொல்லி, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தச் சிறிய பட்டறைக்குப் போனேன். இதன் உரிமையாளர் பல ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். ஆள் உட்காரும்போது நடுக்குழாயின் அடிப்பக்கம்தான் இழுபடும் என்பதால் விரிசலை அங்கேதான் தேட வேண்டும் என்றார். கீலைக் குழாயோடு இணைக்கும் வெல்டிங்கின் ஓரத்தில் பெயிண்டை அகற்றித் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலே தங்கியதைத் துணியால் துடைத்தெடுத்த பின் வெள்ளைப் பூச்சைத் தெளித்தார். சற்று நேரத்தில் அந்த வெண்மையின் மேல் தலைமுடி போன்ற ஒரு சிவப்புக் கோடு கசிந்து வந்தது. நீளம் 12 மில்லிமீட்டர். பெயிண்டில் விழுந்த கீறல் என்று நான் அதுவரை நினைத்திருந்த இடம் அது.

"வெல்டிங் வைத்துத் தர முடியாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் தம்பி, ஆனா நான் வைக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாகப் பட்டது. இந்த ஃபிரேம் சூட்டுப் பதம் ஏற்றி வலுவாக்கப்பட்ட அலுமினியக் கலவை. மறுபடி வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் சுற்றுப்பகுதி பதம் இழந்து மென்மையாகிவிடும், அதன் பக்கத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும். வருமானத்தை விட்டுக்கொடுத்து இதைச் சொன்ன அவரது நேர்மையே நான் இதை எழுதக் காரணம்.

என் சம்மதத்தோடு குழாயின் மீதிப் பகுதியை அறுத்து, விரிசலைப் பிளந்தும் காட்டினார். வெல்டிங் ஓரத்திலிருந்து உள்நோக்கி, அலை பின்வாங்கிய மணலில் தெரிவது போல் வளைந்த வரிகள், மங்கிய சாம்பல் நிறத்தில், வழவழப்பாக இருந்தன. அதைத் தாண்டி, அப்போதுதான் பிய்ந்த பகுதி சொரசொரப்பாகப் பளிச்சிட்டது. உலோகச் சோர்வு என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். ஒரு நாளைக்கு 50 நிமிடம், நிமிடத்துக்கு 60 சுற்று, ஆண்டுக்கு 250 நாள் என்று கணக்கிட்டால், நான்கு ஆண்டுகளில் 30 லட்சம் சுற்று மிதித்திருக்கிறேன். ஒரு மிதியில் உடையாத உலோகம், அதே சிறிய சுமை திரும்பத் திரும்ப விழுவதால் வெல்டிங் ஓரம், துளை, கீறல் போன்ற இடங்களில் உள்ளுக்குள் பிளந்துகொண்டே போகிறது.

புதிதாக வாங்குவதானால் எஃகு ஃபிரேமாகப் பாருங்கள் என்றார். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை எஃகு எத்தனை சுற்றுக்கும் தாங்கும் என்று கண்டார். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆனால் துருப்பிடித்த எஃகு அந்தச் சலுகையை இழந்துவிடுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்காற்றில் ஓட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. பரிசோதனைக்கு 25 வெள்ளி வாங்கினாலும் எழுத்து வடிவில் அறிக்கை தருவதில்லை. உத்தரவாதம் கோர நினைப்பவருக்கு அது பெரிய இழப்பு. நான் படங்களை எடுத்துக்கொண்டேன். உதிரிபாகங்களும் குறைவு, எனக்குப் பொருந்தும் எஃகு ஃபிரேம் வர ஒன்பது நாள் ஆனது. எம்ஆர்டி ரயிலில் ஏற்ற, மடித்த சைக்கிள் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், அதை அங்கேயே அளந்து பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

போகிறவர்கள் சைக்கிளைக் கழுவாமல் கொண்டு போங்கள். விரிசலின் இரு பக்கமும் உரசி வெளிவரும் கறுப்புப் பொடியைத்தான் அவர் முதலில் தேடுகிறார்.