ஏற்காட்டில் வேனில் தங்க: டியூபுலரா, லித்தியமா?

வீட்டு யூபிஎஸ்ஸில் இருந்த 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், மின் கொள்ளளவு) டியூபுலர், அதாவது ஆசிட் நிரப்பிய ஈய பேட்டரியைக் கழற்றி வேனுக்குள் வைத்துக்கொண்டுதான் முதல்முறை ஏற்காடு ஏறினேன். கூடவே வாடகைக்கு எடுத்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து, நண்பரின் காப்பித் தோட்டத்தில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தால் ஆசிட் நெடி. வளைவுகளில் பேட்டரி ஆடிச் சாய்ந்து, மூடி வழியே கசிந்திருந்தது. அடியில் விரித்த கோணிச்சாக்கு மறுநாள் காலையில் பொத்தல் பொத்தலாய் உதிர்ந்தது. வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்கென்று செய்த சரக்கு அது, தப்பு என்னுடையது.

முதலில் மின்சாரச் செலவுக் கணக்கு. 45 வாட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540 வாட்-அவர். எல்இடி விளக்கு, போன், லேப்டாப், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து இன்னொரு 260. ஆக 800. மலைக்குளிரில் ஏசி, ஃபேன் வேண்டாம் என்பது நமக்குக் கொடுப்பினை. இண்டக்ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள், கேஸ்தான். படுக்கும்போது இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். சும்மா ஆனில் கிடந்தாலே 15, 20 வாட் தின்னும்.

12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலரில் இருப்பது 1800 வாட்-அவர். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும், ஆகவே கையில் 900தான். வேனுக்கு ஏற்ற லித்தியம் வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில், 12.8 வோல்ட், 100 ஏஎச்சுக்கு 1280. அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 1024. முன்னது ஐம்பது கிலோவுக்கு மேல், தூக்க இரண்டு ஆள் வேண்டும். பின்னது பன்னிரண்டு, பதிமூன்று கிலோ. ஒரு ராத்திரிக்கு இரண்டுமே போதும்.

மறுநாள் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சங்கதி தெரியும். டியூபுலர் சுமார் 15 ஆம்பியருக்கு மேல் நிதானமாக ஏற்காது. எடுத்த 75 ஏஎச்சைத் திருப்பிப் போட ஐந்து மணி நேரம். கடைசிப் பங்கு சொட்டுச் சொட்டாய்த்தான் ஏறும் என்பதால் அதற்கும் மேலே. எழுநூறு வாட்டுக்கு மேல் தரக்கூடிய மெஷின் இருநூறு சொச்சம் வாட்டுக்காக நாள் முழுக்க ஓடுகிறது. கல்யாண அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காப்பி போடுகிற கதை. மத்தியானம் தோட்டத்து வாட்ச்மேன் வந்து, "ஏனுங்க தம்பி, இங்க மில்லு ஏதும் ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரிக்கவில்லை.

லித்தியத்துக்கு 40 ஆம்பியர் சார்ஜர் போட்டால் 80 ஏஎச் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. 50 ஆம்பியரும் வாங்கும்தான், ஆனால் 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு. பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட 15 சதவீத சக்தியை இழக்கும். கீழே 900 வாட் தந்தது மேலே 765தான் தரும். 50 ஆம்பியருக்கு 800 பக்கம் வேண்டும், மெஷின் திணறும். 40க்கு 650 போதும்.

இன்னொரு வசதி, ஏறுகிற வழியே சார்ஜிங்தான். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், வேனுக்கு ஒரு மணி நேரம். இன்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அளவாக பேட்டரிக்கு அனுப்பும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் மேலே போய்ச் சேரும்போது பேட்டரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். காசை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக வயர் இழுக்காதீர்கள். லித்தியம் அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

சோலார்? சில்வர் ஓக் நிழலிலும் நவம்பர் பனிமூட்டத்திலும் பேருக்குத்தான்.

டியூபுலருக்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. விலை குறைவு. எந்தத் தெருக்கடையிலும் பார்த்துக் கொடுப்பார்கள். பொய் சொல்லாது: சற்று ஓய்ந்திருக்கும்போது மீட்டரில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி. லித்தியமோ 13 வோல்ட்டைச் சுற்றியே நின்றுகொண்டிருந்துவிட்டு, உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் சட்டென்று துண்டித்துவிடும். எனக்கு அப்படி விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டானது. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் ஒன்று சேர்த்து வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் போடுங்கள்.

எந்த பேட்டரியானாலும் ஜெனரேட்டர் வண்டிக்கு வெளியே, தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி இருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் அதை ஓடவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ராத்திரி தங்குபவர் லித்தியத்தில் பணம் போட வேண்டாம். ஆசிட் சிந்தாத சீல்டு ஜெல் பேட்டரி ஒன்றை பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு போகலாம். ஜெனரேட்டரே வேண்டாம், இறங்கி வந்து வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் என்றால் லித்தியமும் டிசி-டிசியும், காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரும். நான் இப்போது அப்படித்தான் போகிறேன். பழைய டியூபுலர் கோரிமேட்டு வீட்டு யூபிஎஸ்ஸுக்கே திரும்பிவிட்டது. இன்று காலைகூட அதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன்.