ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து: திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டை, ஒரு மதிப்புரை

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் படித்து ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக நினைக்கிறவர்கள் முதலில் பழக வேண்டிய கருவி எது என்று கேட்டால், விலை உயர்ந்த பெட்டி எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளில் அச்சான டி.டி.எஸ்.சி. போதும்; குழந்தையின் வளர்ச்சி பின்தங்குகிறதா என்று சலித்துப் பார்க்கும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டையின் சுருக்கப் பெயர் அது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் உடன் வேலை செய்தவர்களும் உருவாக்கி, 1991-ல் வெளியிட்ட அட்டை இது. பிறந்ததிலிருந்து 2 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. 17 செயல்கள், 5 முதல் 7 நிமிடம், ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து. அங்கன்வாடி டீச்சரே செய்துவிடலாம் என்பதற்காகவே இப்படி எளிமையாக்கினார்கள். அந்த வேலைக்கு இது அருமையான கருவி. ஆனால் இதைக் கொண்டு செய்யக் கூடாத சில வேலைகளையும் பலர் செய்கிறார்கள். இரண்டையும் பார்ப்போம்.

அட்டையின் அடியில் மாதங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைப்பட்டை. பட்டையின் இடது முனை, 100 குழந்தைகளில் முந்திக்கொள்ளும் 3 பேர் அந்தச் செயலைச் செய்யும் வயது. வலது முனை, 97 பேர் செய்து முடித்துவிடும் வயது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுவதுமாக முடிந்துபோன பட்டைகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை செய்யவில்லை என்றால், மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பென்சில் குறுக்கே வெட்டிச் செல்லும் பட்டையையும் தோல்வியாகக் குறித்துவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை. அந்தச் செயலுக்குக் குழந்தைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பத்து மாதப் பிள்ளை தனியாக நடக்கவில்லை என்று ஒரு தாயை அழவைத்து அனுப்பினால், அடுத்த முறை அவர் பிள்ளையைக் கூட்டி வரமாட்டார். பயிற்சி கொடுப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்தை இந்த ஒரு விஷயத்துக்கே செலவழிக்கலாம்: வெட்டும் பட்டை வேறு, முடிந்த பட்டை வேறு.

அடுத்த தவறு வயதுக் கணக்கு. “ஆறு மாசம் ஆச்சு” என்று பாட்டி சொல்வதை வைத்துக் கோடு போடக் கூடாது. தாய்சேய் நல அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பாருங்கள். கூடவே எத்தனை வாரத்தில் பிறந்தது என்றும் பாருங்கள். 37 வாரம் முடியும் முன் பிறந்த குழந்தைக்கு, 40-லிருந்து எத்தனை வாரம் குறைகிறதோ அத்தனையை இரண்டு வயது வரை கழிக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்று 6 மாதம் என்றால், கழிக்க வேண்டியது 8 வாரம். பென்சிலை ஏறத்தாழ 4 மாதத்தில் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் குறைமாதப் பிள்ளைகள் எல்லோருமே பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள்.

17 செயல்களும், குழந்தை வளர்ச்சியை அளக்கும் பெய்லி அளவுகோலை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்த பரோடா வடிவத்திலிருந்து எடுத்தவை. முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கி, பேனாவைக் கண்ணால் தொடர்வது, தலை நிற்பது, மல்லாந்த நிலையிலிருந்து குப்புற விழுவது, ஒலி வந்த பக்கம் திரும்புவது, கைமாற்றிப் பிடிப்பது என்று போய், கடைசியில் பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுவதில் முடியும். நடுவே வரும் கைதட்டு விளையாட்டைத் தமிழில் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. “சப்பாணி கொட்டு” என்றால் எந்த வீட்டிலும் புரியும். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கும் நடந்து வரச் சொல்லும் வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் மாதத்துக்கும் வைத்தவர்கள் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. சாவிக்கொத்தைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் ஆட்டினால் அது பளபளப்பைப் பார்த்துத் திரும்பும். கேட்டதா என்று தெரியாது. பின்னால் நின்று, காதுக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணில் படாமல் ஆட்ட வேண்டும். தாயின் மடியில் இருக்கும்போது தாய் திரும்பினாலும் பிள்ளை திரும்பிவிடும் என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதில் தேறினாலும் செவித்திறன் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையும், சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத பிள்ளையும் இதில் தப்பிவிடும்.

பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சிறு பொருளை எடுக்கிறதா என்று பார்க்க, கடலையோ மணியோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். ஒரு பொரி போதும், வாயில் போட்டாலும் கரையும். பிடித்து எழுந்து நிற்கும் செயலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, சாய்ந்துவிடும். சுவரோரக் கட்டில் நல்லது. படி ஏறும் செயல்தான் சிக்கல். தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெரும்பாலும் படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும். கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் ஒரு வாசல்படியோடு வீடு முடிந்துவிடும். படியே பார்க்காத பிள்ளை ஏறவில்லை என்றால் அது வாய்ப்புக் குறைவாகவும் இருக்கலாம். அதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் படிக்கட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையப் படிக்கட்டிலோ மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லைப்பகுதியில் “இரண்டு சொல் பேசுகிறதா” என்ற கேள்வியை யோசித்துக் கேட்க வேண்டும். அம்மாவிடம் “தண்ணி” என்றும் அம்மாச்சியிடம் “வெள்ளம்” என்றும் கேட்கும் பிள்ளைக்கு அவை இரண்டு சொற்கள். தமிழையும் மலையாளத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்; ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொல்வளம் பாதியாகத் தெரியும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்று சொல்லி வீட்டில் ஒரு மொழியை நிறுத்தச் சொல்வது தவறான அறிவுரை. பேச்சில் மட்டும் சந்தேகம் இருந்தால், அதே மையத்தின் லெஸ்ட் என்ற மொழி அளவுகோல் இருக்கிறது; 0 முதல் 3 வயதுக்கு 33 செயல்கள். பேச்சுக்கு இதைவிட அதுவே பொருத்தம்.

அட்டை எவ்வளவு நம்பகமானது? 17 செயல் அட்டையின் சென்சிடிவிட்டி, அதாவது பின்தங்கியவர்களைச் சரியாகப் பிடிக்கும் அளவு, 66.7 சதவீதம். ஸ்பெசிபிசிட்டி, அதாவது பின்தங்காதவர்களைச் சரியாக விட்டுவிடும் அளவு, 78.8 சதவீதம். ஆக, பின்தங்கிய மூன்று குழந்தைகளில் ஒன்றை அட்டை தவறவிடும். இது சிறு குறை இல்லை. பின்னர் 0 முதல் 6 வயதுக்கு 51 செயல்களோடு விரிவாக்கிய அட்டையை டென்வர் என்ற இன்னொரு வளர்ச்சிப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இவை முறையே 84.62, 90.8 சதவீதம் என்று வந்தன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த 51 செயல் அட்டையையே பழகுவது நல்லது.

இந்த எண்களை வகுப்பில் விளக்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 குழந்தைகளில் 40 பேர் உண்மையிலேயே பின்தங்கியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 51 செயல் அட்டை அவர்களில் 34 பேரைப் பிடிக்கும், 6 பேரை விடும். மீதி 960 பேரில் 88 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 122 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினால் அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு ஒன்றும் இருக்காது. ஆகவே தாயிடம் “பிள்ளைக்கு வளர்ச்சிக் குறை” என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. “ஒரு தடவை விரிவா பார்த்துடலாம்மா” என்பதே அட்டை அனுமதிக்கும் வாக்கியம்.

இனி ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு. 17-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, ஊட்டச்சத்துப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சராசரி எடுத்து, இரண்டு சராசரிகளையும் ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டுக் காட்டும் முதுகலை ஆய்வுகள் உண்டு. இந்த அட்டை அதற்குச் செய்ததே இல்லை. இது சல்லடை; தங்குகிறதா, விழுகிறதா என்று மட்டும் சொல்லும். மூன்று மாதம் கழிந்தால் பிள்ளை தானாகவே கூடுதல் செயல்களைச் செய்யும். அதைப் பயிற்சியின் பலன் என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே ஆய்வு சரிந்துவிடும். வளர்ச்சியை அளக்க வேண்டும் என்றால் டி.ஏ.எஸ்.ஐ.ஐ. (இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி அளவுகோல்) போன்ற முழு அளவுகோல் வேண்டும்: 67 இயக்கச் செயல்கள், 163 மனவளர்ச்சிச் செயல்கள், 30 மாதம் வரை. அதற்குப் பெட்டியும் முறையான பயிற்சியும் பொறுமையும் தேவை. பயிற்சி பெறாத பிள்ளைகளைக் கொண்ட கட்டுப்பாட்டுக் குழு ஒன்றும் ஒப்பிடக் கட்டாயம். அட்டையைச் சல்லடையாக வைத்து, தங்கியவர்களை டி.ஏ.எஸ்.ஐ.ஐ. கொண்டு அளந்தால், அது உருப்படியான முதுகலை ஆய்வு.

குழந்தைகளைத் தேடும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கன்வாடியில் உட்கார்ந்து படிப்பது 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள். இரண்டு வயதுக்குள் இருப்பவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் சத்துமாவுக்கும் கேரளத்தில் அமிர்தம் பொடிக்கும் தாய் வரும் நாளில்தான் கிடைப்பார்கள். தடுப்பூசி நாளும் உதவும். ஆனால் ஊசிக்கு முன்பே அட்டையை முடித்துவிட வேண்டும்; ஊசி போட்ட பிள்ளை எதையும் செய்யாது. பசியில் இருக்கும் பிள்ளையும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையும் அப்படியே. எல்லையின் இரு பக்கமும் மாதிரி எடுப்பதாக இருந்தால் இரண்டு மாநிலத் துறைகளிடமும் தனித்தனி அனுமதி வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழு அனுமதியை இரண்டுக்கும் முன்னால் வாங்கிவிடுங்கள். துறை அலுவலகம் அதைத்தான் முதலில் கேட்கும்.

இந்தத் துறையில் கல்லூரி வேலைக்குப் போகிறவர்கள் எல்லைப்பகுதியில் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் செட் என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித்தேர்வு. கேரளத்தில் அதே பெயரில் நடக்கும் செட், மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கானது. கேரளப் பக்கத்துப் பாறசாலையில் எழுதித் தேறிய செட்டை நாகர்கோவில் கல்லூரியில் காட்ட முடியாது. தமிழ்நாட்டுச் செட்டும் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். இரண்டு பக்கமும் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தேசிய அளவிலான தகுதித்தேர்வாகிய யு.ஜி.சி. நெட் எழுதுவதே வழி. பாடம் ஹோம் சயன்ஸ், குறியீடு 12. இரண்டாம் தாளின் 10 அலகுகளில் மனித வளர்ச்சி 7-வது, குடும்பவியல் 8-வது. மீதி எட்டில் துணியியல், உள்ளலங்காரம் வரை இருக்கின்றன, அவற்றையும் படித்தே ஆக வேண்டும். இரண்டு தாளுமாக 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் வேண்டும். 2023-ல் விதி மாறிய பிறகு, உதவிப் பேராசிரியர் பதவிக்கு பி.எச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் போதும்.

முதுகலைப் பட்டம் இருந்தாலும் நோய் இன்னதென்று முடிவு சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அது குழந்தை மருத்துவருக்கும், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு பெற்ற உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களுக்கும் உரியது. அனுப்பும் சீட்டில் குழந்தையின் திருத்திய வயது, செய்யாத செயல் எது, எத்தனை முறை முயன்றீர்கள், வீட்டில் பேசும் மொழிகள் என்ன என்ற நான்கையும் எழுதுங்கள். தேசிய சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே செலவில்லாமல் பார்ப்பார்கள். சீட்டைக் கொடுத்ததோடு விடாமல் மூன்று வாரம் கழித்துத் தாயைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும் என்பதால் சீட்டை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.