தொட்டி சர்க்யூட்டை எதில் வரைவது? பிரிட்சிங், ஈசிஇடிஏ, கீகேட்

மார்த்தாண்டத்தில் என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலை தண்ணீர்த் தொட்டி சர்க்யூட்தான். ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே, ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, இரண்டு மூன்று ரெசிஸ்டர். இதையே சர்க்யூட் வரையும் பிரிட்சிங், ஈசிஇடிஏ, கீகேட் என்ற மூன்று மென்பொருளிலும் வரையச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிரிட்சிங்கைப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். சோல்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப்பலகையான பிரெட்போர்டு திரையில் அப்படியே இருக்கும், வயரை இழுத்துத் துளையில் செருகலாம். ஆனால் குறியீடுகளால் சர்க்யூட்டைக் காட்டும் ஸ்கீமேட்டிக் பக்கத்துக்குப் போனால் பாகங்கள் சிதறிக் கிடக்கும், கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உட்கார்ந்து ஒழுங்குபடுத்த வேண்டும். செய்து பார்க்க நல்லது. நாளைக்கு வேறொருவர் பார்த்து ரிப்பேர் செய்ய வேண்டிய படத்துக்கு நான் இதை எடுக்க மாட்டேன்.

ஈசிஇடிஏ பிரௌசரிலேயே ஓடும். போர்டு அடிக்க ஆர்டர் கொடுப்பதும் அங்கிருந்தே சுலபம். ஆனால் ஐப்பசியில் இடி முழங்கினால் இங்கே முதலில் மோடம் பிளக்கைத்தான் பிடுங்குவோம். வரைவதும் அத்தோடு நின்றுவிடும்.

கீகேட்டை 1992இல் பிரான்சில் ஜான்-பியேர் ஷரா தொடங்கினார். பிறகு செர்ன் ஆய்வகமும் கைகொடுத்தது. முழுக்க இலவசம். டவுன்லோடு ஒரு ஜிபிக்கு மேல் வரும், அது ஒரே ஒரு தடவைதான். ஏ அழுத்தினால் பாகம், டபிள்யூ அழுத்தினால் வயர், ஆர் அழுத்தினால் திரும்பும். இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, படத்தில் இணைப்புப் பிழைகளைத் தேடித் தரும் ஈஆர்சி என்கிற சோதனை. ஒரு பையன் தன் படத்தைப் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்தே சோல்டர் செய்துவிட்டு வந்து, "சார், ரிலே அடிக்கல்ல" என்றான். படத்தைப் பெரிதாக்கினேன். எமிட்டரிலிருந்து இறங்கிய கோடு கிரவுண்டைத் தொடாமல் ஒரு கட்டம் முன்பே நின்றிருந்தது. முனையில் சின்னச் சதுரம். ஈஆர்சி ஓட்டியதும் அம்புக்குறி அங்கேயே போய் நின்றது. பேப்பரில் அந்த இடைவெளி என் கண்ணுக்கே தப்பியிருக்கும்.

சர்க்யூட்டுக்குச் சப்ளை ஒரு கனெக்டர் வழியாக வந்தால், அதே ஈஆர்சி பவர் பின்னுக்கு யாரும் மின்சாரம் தரவில்லை என்று பிழை காட்டும். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அந்தச் சப்ளைக் கோட்டிலும் கிரவுண்டிலும் பிடபிள்யூஆர் ஃப்ளாக் என்ற குறியை வைத்தால் அடங்கிவிடும்.

அதனால் முதல் வாரம் பிரிட்சிங், அப்புறம் கீகேட். இன்ஸ்டாலரைப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன், வீட்டில் நெட் சரியில்லாத பிள்ளைகள் கொண்டுபோவார்கள்.