வீட்டுக்கடன் தரகர் சேவை: தற்காலிக விசாவும் ஒப்பந்த வேலையும் உள்ளவர்களுக்குத் தேறுமா?

நிரந்தர வேலை இருந்தால் நேராக வங்கிக்கே போகலாம். ஒப்பந்த வேலையும் தற்காலிக விசாவும் சேரும்போதுதான், உங்களுக்காக வங்கிகளில் கடன் தேடித்தரும் இந்தத் தரகர் சேவைக்கு மதிப்பு. எந்த வங்கி ஒப்பந்தச் சம்பளத்தை முழுதாகக் கணக்கில் எடுக்கும், எது ஓவர்டைமைக் கழித்துவிடும் என்பது நல்ல தரகருக்கு அத்துப்படி.

சம்பளம் போதுமானதாக இருந்தும் விண்ணப்பம் அடிபடலாம். விசாவோ ஒப்பந்தமோ சீக்கிரம் முடிவதாக இருந்தால் வங்கி தயங்கும். புதுப்பித்த ஒப்பந்தம், பழைய ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கைக்கு வந்தபிறகே விண்ணப்பத்தை அனுப்பும்படி தரகரிடம் சொல்லுங்கள். சொந்த ஊரிலிருந்து வரும் முன்பணம் என்றால், யார் கணக்கிலிருந்து வந்தது என்ற ஆதாரமும் வேண்டும்.

நாலைந்து வங்கிகளுக்கு ஒரே மூச்சில் அனுப்பும் தரகரைத் தவிர்க்கவும். ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் அறிக்கையில், அதாவது வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாற்றில், பதிவாகலாம். கமிஷன் யார் தருவது? எழுத்தில் கேளுங்கள். முன் ஒப்புதலை (வீடு முடிவாகும் முன் வங்கி தரும் தற்காலிகச் சம்மதத்தை) மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுப்பது சூதாட்டம்: வீட்டின் மதிப்பீடு குறைந்தால் கடனும் குறையும்.