இன்ஜின் மாற்றக் கொடுத்தால் கழற்றிய கம்ப்யூட்டரைக் கையோடு வாங்கிவிடுங்கள்

பிக்கப் வண்டியில் இன்ஜின் போய், பழைய மாடல் இன்ஜினை ஏற்றலாமா என்று யோசிப்பவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

என்னுடையது காமன் ரெயில் டீசல், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி டீசலைத் தெளிக்கும் இன்ஜின். அப்படியொன்றும் பழைய வண்டி இல்லை. இன்ஜெக்டர் ஒழுகி பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. புது இன்ஜின் கட்டுப்படியாகவில்லை. மெக்கானிக் ஆசை காட்டினார்: "பழைய இன்ஜின் ஒண்ணு இருக்கு சார். மெக்கானிக்கல் பம்ப். சென்சார், கம்ப்யூட்டர் தொல்லையே கிடையாது." அதில் பொய் இல்லை. கம்ப்யூட்டர் இன்ஜினுக்குத் தேவையில்லை என்றால் வண்டிக்கும் தேவையில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரும் திருத்தவில்லை.

இரும்பு வேலையைக் குறை சொல்ல மாட்டேன். மவுண்டுகளை வெட்டி வெல்டிங் வைத்து, கிராஸ் மெம்பரில் இடித்த ஆயில் சம்ப்பை மாற்றி, கியர்பாக்ஸுக்கு அடாப்டர் பிளேட் போட்டு உட்கார வைத்திருந்தார். ஆனால் ஸ்டார்ட் செய்ய டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தனி பட்டன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஓடுகிற சத்தம் கேட்ட சந்தோஷத்தில் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

தெருமுனை தாண்டவில்லை, மீட்டர் முழுக்க விளக்கு. ஏசி இழுக்கவில்லை. ஆர்பிஎம் முள் பூஜ்ஜியம். டெம்பரேச்சர் முள்ளும் செத்துக் கிடந்தது. இன்ஜின் கொதித்தாலும் தெரியப்போவதில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரே கியரில் பூட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்ற தகவலெல்லாம் அதற்கு இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படித்தான் செய்யுமாம்.

வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கோளாறு பார்க்கும் கருவியைச் செருகுகிற ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களில் மல்டிமீட்டரை வைத்தார். 60 ஓம் காட்ட வேண்டும், 120 காட்டியது. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் இணையாக (பேரலல்) இருப்பதால் சேர்ந்து 60. என் வண்டியில் ஒரு முனை இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறது. "லைன்ல ஒரு பக்கம் ஆளே இல்ல சார்" என்றார்.

அந்த ஆளைத் தேடி மெக்கானிக்கிடம் போனால், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் பழைய இன்ஜினோடு ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வண்டி ஓடுதில்ல? அதுக்குத்தான் காசு வாங்கினேன்."

இந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், வயரிங் யார் செய்வார், கியர்பாக்ஸை எது கட்டுப்படுத்தும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றியது ஒரு ஸ்க்ரூ ஆனாலும் உங்களுடையது. மீட்டரில் எல்லா முள்ளும் ஆடுவதைப் பார்த்தபின் மீதியைக் கொடுங்கள். இன்ஜின் நம்பர் மாற்றம், புகைச் சோதனை, இன்சூரன்ஸ் எல்லாம் தனித் தலைவலி. பல இடங்களில் வண்டியின் மாடல் வருடத்துக்கான புகை அளவைத்தான் கேட்பார்கள், இன்ஜினுடைய வயதை அல்ல.

இப்போது கியர்பாக்ஸுக்குத் தனிக் கன்ட்ரோலர் போட்டிருக்கிறேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டெம்பரேச்சர் மீட்டர் தொங்குகிறது. ஆர்பிஎம் முள் மட்டும் இன்னும் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது.