எட்டுக் கணினி என்று சொன்னார், இரண்டுதான் இருந்தது

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பரிமாண அனிமேஷன் செய்யும் நம் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ரெண்டர் ஃபார்ம் என்றால் பல கணினிகள் பங்குபோட்டு அனிமேஷனைப் படம் படமாக எடுத்துத் தரும் இடம். "ரெண்டர் ஃபார்ம் இருக்கு, எட்டு மெஷின், ராத்திரி குடுத்தா காலையில வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இது ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்.இ.டி திரையில் ஓடவிட ஒரு காட்சி கேட்டார்கள். சொம்பிலிருந்து பால் ஊற்றி, அது வேலின் மீது வழிந்து, கீழே தாம்பாளத்தில் தேங்க வேண்டும். 12 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம், ஆக மொத்தம் 300 படங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தேன். பால் வழிவது ஃபுளூயிட் சிமுலேஷன், அதாவது திரவம் எப்படி ஓடும் என்று கணினியே கணக்கிடுவது. என் மடிக்கணினியில் பார்க்கும்போது அம்மாவே எட்டிப் பார்த்து "நிஜப் பால் மாதிரியே இருக்கு" என்றார். ஆனால் ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது முடிந்த படமாக எடுக்க, அதற்கு 11 நிமிடம் பிடித்தது. திருவிழாவுக்கு ஆறு நாள்தான் பாக்கி. அதனால்தான் ஈப்போவில் அந்தக் கடைக்குப் போனேன்.

ஒரு கணினிக்கு மணிக்கு 5 வெள்ளி (ரிங்கிட்), எட்டுக் கணினி, பத்து மணி நேரம், 400 வெள்ளி. முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். ஃபைலை பென் டிரைவில் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் போய் வாங்கித் திறந்தால் பால் இல்லை. பால் வழிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பெரிய பெட்டி, வேல், சொம்பு இரண்டையும் முழுங்கிக்கொண்டு நிற்கிறது. 300 படத்திலும் அதே பெட்டி.

"தம்பி, உங்க ஃபைல் கரப்ட் லா. நான் சரி பண்ணித் தரேன், 250 ஆகும்" என்றார். பதற்றத்தில் கொடுத்தேன். அவர் என்ன சரி செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்த ஃபைலின் பெயரில் ஒரு எண் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

என் தப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று மாலை அதே ஃபைலைத் தங்கச்சியின் மடிக்கணினியில் திறந்தேன். அங்கேயும் பெட்டி! அப்போதுதான் விளங்கியது. சிமுலேஷனின் கணக்கு முழுவதும் கேஷ் என்ற தனிக் கோப்புறையில்தான் இருக்கும், பிளெண்டர் ஃபைலுக்குள் இருக்காது. அதை எப்படி எழுதுவது என்று சொல்லும் கேஷ் டைப்பை நான் மாற்றாமல், காட்சியை ஓடவிடும்போதே கணக்கிடும் ரீப்ளே என்றே விட்டிருந்தேன். அது என் கணினியின் டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறைக்குள் எழுதிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் கணினியில் அந்தக் கோப்புறை ஏது? கேஷ் இல்லையென்றால் பால் ஓடும் எல்லையாக, டொமைன் என்று நாம் போட்டு வைத்த வெறும் பெட்டிதான் காட்சியில் நிற்கும். பொருள்களின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களை எல்லாம் ஃபைலுக்குள்ளேயே மூட்டைகட்டும் வசதி பிளெண்டரில் இருக்கிறது, ஆனால் ஃபுளூயிட் கேஷை அது சேர்த்துக்கொள்ளாது. இதைத் தேடும்போது பழைய பாடங்கள் வேறு குழப்பின. 2020-இல் 2.82 பதிப்போடு மண்டாஃப்ளோ என்ற புதிய சிமுலேஷன் முறை வந்த பிறகு பொத்தான்கள் எல்லாம் மாறிவிட்டன. அதற்கு முந்தைய வீடியோ என்றால் மூடிவிடுங்கள்.

இன்னொன்று. சாதாரணக் காட்சியை எட்டுக் கணினிக்குப் பங்குபோட்டுக் கொடுக்கலாம். சிமுலேஷனை அப்படிப் பிரிக்க முடியாது. நூறாவது ஃபிரேமில் பால் எங்கே நிற்கிறது என்பது தொண்ணூற்றொன்பதாவதில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் சிமுலேஷனை முதலிலேயே ஒரே கணினியில் முழுதாக பேக் (bake) செய்துவிட வேண்டும், அதாவது கணக்கிட்டுக் கேஷில் எழுதிவிட வேண்டும். ரெண்டர் ஃபார்முக்கு மிச்சமிருப்பது படம் எடுக்கும் வேலை மட்டுமே. கேஷ் டைப்பை, எல்லாவற்றையும் ஒரே தடவையில் பேக் செய்யும் ஆல் என்று மாற்றினேன். கோப்புறையை ஃபைலின் பக்கத்திலேயே வைத்து, பாதையை இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும்படி எழுதினேன். அப்படி எழுதினால் சி டிரைவ் டி டிரைவ் பிரச்சினை வராது, ஃபைல் போகும் இடமெல்லாம் கேஷும் கூடவே போகும். பாலுக்கு மேற்பரப்பை உருவாக்கும் மெஷ் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பேக் ஆக ஐந்து மணி நேரம். 14 ஜிபி. தங்கச்சியின் கணினியில் மறுபடி திறந்தேன், பால் வழிந்தது.

சரி, தப்பு என்னுடையது. அப்படியென்றால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள்.

பெட்டிப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தேன். பிளெண்டர் எழுதும் பி.என்.ஜி படத்துக்குள் மெட்டாடேட்டா இருக்கும். எந்த ஃபிரேம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பிடித்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். இமேஜ் எடிட்டரில் படத்தைத் திறந்து மெட்டாடேட்டாவைக் காட்டச் சொன்னால் மேலேயே எழுத்தாக வந்துவிடும். முதல் படம் இரவு 9.52. கடைசிப் படம் இரவு 11.32. பில்லில் காலை வரை பத்து மணி நேரம்! ஒவ்வொரு பெட்டிப் படத்துக்கும் பிடித்தது சுமார் 40 விநாடி. 300 படத்தையும் கூட்டினால் 3 மணி 20 நிமிடம். எனக்குப் போட்ட கணக்கோ எட்டுக் கணினி, ஆளுக்குப் பத்து, 80 மணி நேரம்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ரப்பர் பாலை நிறுக்கும்போது தராசை விட்டு நகரவே மாட்டாராம், வாளியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூடப் போக மாட்டாராம். அவர் பேரன் 400 வெள்ளியைக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்கியிருக்கிறேன்.

அப்போதே சண்டை போட்டிருக்கலாம். ஆனால் நாள் இல்லை, வேறு கடையும் தெரியாது. கேஷோடு சேர்த்து மறுபடி கொண்டுபோனேன். இந்த முறை 200 முன்பணம், மீதி 200 வேலை முடிந்ததும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அவுட்புட் பகுதியில் மெட்டாடேட்டா பட்டியலில் ஹோஸ்ட்நேம் என்று ஒன்று உண்டு. சாதாரணமாக அணைந்திருக்கும். அதை டிக் செய்துவிட்டேன். எந்தக் கணினி எந்தப் படத்தை எடுத்தது என்று அதன் பெயரும் படத்துக்குள் பதிந்துவிடும்.

மறுநாள் வாங்கிய படங்களை ஓடவிட்டேன். பால், பெட்டி, பால், பெட்டி. கண்ணை வலிக்கும் அளவுக்கு மின்னியது. மெட்டாடேட்டாவில் மொத்தமே இரண்டு கணினிப் பெயர்கள்தான். ஒற்றைப்படை ஃபிரேம் எல்லாம் ஒன்றில், இரட்டைப்படை எல்லாம் இன்னொன்றில். அதாவது ஃபார்ம் என்று எதுவும் இல்லை. இரண்டு கணினியில் கையால் ஃபைலைத் திறந்து, ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும்படி ஃபிரேம் ஸ்டெப்பில் 2 என்று போட்டு ஓடவிட்டிருக்கிறார். முதல் முறை 3 மணி 20 நிமிட வேலை 9.52-லிருந்து 11.32-க்குள் பாதி நேரத்தில் முடிந்ததும் இப்படித்தான். ஒன்றில் கேஷைக் காப்பி செய்தார், மற்றதில் செய்யவில்லை. கேஷ் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குக் கேஷ் காப்பி பண்ணத் தெரியவில்லை.

"அண்ணே, அந்த 150 படத்தை மட்டும் நல்ல கணினியில் திரும்ப எடுத்துக் கொடுங்க" என்றேன். "முழு ஜாப்தான் தம்பி, 400" என்றார். பெயர்களைக் காட்டினேன். "அது சர்வர் பேரு, உங்களுக்குப் புரியாது" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

மிச்ச 150 படத்தையும் என் மடிக்கணினியே எடுத்தது. இருபத்தேழரை மணி நேரம். அம்மா மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்வையோடு சமைத்தார். திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் முடிந்தது.

850 வெள்ளி போனது போனதுதான். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வரை கேட்கலாம், ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு. நான் கோயிலிடம் கூலி பேசிச் செய்த வேலை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கையை வக்கீல் இல்லாமலே போடலாம். படங்களும் பில்லும் பத்திரமாக இருக்கின்றன, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரிடம் கொடுப்பதானாலும் முழு வேலையையும் முதலிலேயே ஓடவிடாதீர்கள். மூன்று படம் மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிமுலேஷன் என்றால் முதல் ஃபிரேமைப் பார்த்துப் பயனில்லை, அப்போது பால் சொம்பை விட்டே கிளம்பியிருக்காது. 150, 151, 300 என்று கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண் இருந்தால் இந்த மாதிரிப் பங்குபிரிப்பும் பிடிபடும். ஹோஸ்ட்நேமை டிக் செய்யுங்கள், அதைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

நேற்று அவரிடமிருந்து வாட்ஸ்அப். "தம்பி, பாக்கி 200 எப்போ?" இரண்டாவது ஃபிரேமை, கணினிப் பெயர் தெரியும்படி அப்படியே அனுப்பிவைத்தேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.